பாலாற்றின் தலைமாட்டில் திராட்சைத் தோட்டம்: குப்பத்துத் தம்பதியின் இரு பயணங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஒருபுறம் தமிழ்நாடும் மறுபுறம் கர்நாடகமும் நெருங்கித் தொடும் இடத்தில் இருக்கிறது குப்பம். அங்கு வாழும் தமிழ்த் தம்பதி ஒருவர், நந்தி மலையடிவாரத்து ஒயின் ஆலையையும் அதைச் சுற்றியுள்ள பழங்கோயில்களையும் கோட்டைகளையும் காண ஓராண்டு இடைவெளியில் இருமுறை சென்று வந்தனர். சென்ற வட்டாரம் ஒன்றே. பார்க்க விரும்பிய இடங்களும் பெரும்பாலும் அவையே. ஆனால் முதல் பயணத்திலிருந்து இருவரும் பேச்சின்றித் திரும்பினர். இரண்டாவதைப் பற்றி இன்றளவும் உறவினரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றனர். இந்த வேறுபாட்டின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியூர்ப் பயணங்களுக்குத் திட்டம் வகுத்துத் தரும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டாம் பயணத்தை நான் அமைத்துக் கொடுத்தேன். முதல் பயணத்தில் எனக்குப் பங்கில்லை. நடந்ததைக் கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டறிந்தேன். இருவரின் ஒப்புதலுடன், பெயரைத் தவிர்த்து இங்கே பதிவு செய்கிறேன். கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அறுபதைக் கடந்தவர், நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது ஒயின் ஆலை ஒன்றை அவர் கண்டிருக்கிறார். குடிப்பதைவிட, பழம் எப்படி ஒயினாகிறது என்று அறிவதிலேயே அவருக்கு ஆர்வம் மிகுதி. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மது தொடாதவர், கோயில் கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் ஊன்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவர். இவ்விருவரின் விருப்பங்களும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று எண்ணத் தோன்றும். அவை பகையல்ல என்பதே இந்நிகழ்வில் நான் கண்டது. ஒன்றை எந்த நேரத்தில் எதற்கு முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவை மோதுகின்றன, அல்லது ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

முதல் பயணம்

முதல் பயணத்தின் திட்டம் ஒரு சுற்றுலாச் சேவையிடமிருந்து பணம் கொடுத்துப் பெறப்பட்டது. டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியலுக்கு வெகு முன்பே குப்பத்திலிருந்து புறப்பட்டு, நந்தி மலையுச்சியில் சூரிய உதயம் பார்த்து, பதினொரு மணிக்கு ஒயின் ஆலை, பிறகு மதிய உணவு, பிற்பகலில் நந்தி கிராமத்துப் போக நந்தீசுவரர் கோயில், மாலையில் தேவனஹள்ளிக் கோட்டை என்று வரைபடத்தில் அருகருகே இருந்தவற்றையெல்லாம் ஒரே நாளில் கோத்திருந்தனர். தூரத்தை மட்டும் பார்த்தால் இத்திட்டத்தில் குறையில்லை. மலை, ஆலை, கோயில், கோட்டை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அதிக தொலைவில் இல்லை.

நந்தி மலை கடல் மட்டத்திலிருந்து 1478 மீட்டர் உயரமுள்ளது. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் வார இறுதி விடியல்களில் நகரத்து வாகனங்கள் அனைத்தும் அதன் ஒற்றைச் சாலையில் வரிசை கட்டும். தம்பதியும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டனர். உச்சியை அடைந்தபோது சூரியன் மேலேறிவிட்டது. காலை உணவுக்கு நின்றால் ஆலையில் பதிவு செய்த நேரம் தவறும் என்ற அச்சத்தில் வெறும் வயிற்றோடு இறங்கினர். ஆலையைச் சுற்றிக் காட்டியவர் அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தைச் சமாளிக்கப் பீப்பாய்க் கிடங்கில் சில நிமிடமே நிற்க விட்டுச் சுவை பார்க்கும் மேசைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கணவருக்கு ஆறு வகை ஒயின்கள் சிறிது சிறிதாக ஊற்றப்பட்டன. மனைவிக்குத் திராட்சைச் சாறு ஒரு குவளை தரப்பட்டது. அதற்குப் பிறகு அவர் அந்த மேசையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் வெளியே வந்த பிறகுதான் தொடங்கியது. காரை ஓட்டி வந்தவர் கணவரே. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதால் தமக்கு ஒன்றும் ஏறவில்லை என்று அவர் கருதினார். மனைவி சாவியைத் தர மறுத்தார். அவர் மறுத்தது எவ்வளவு சரியானது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு முறை ஊற்றுவது சுமார் 30 மில்லிலிட்டர் எனக் கொண்டால் ஆறு முறைக்கு 180 மில்லிலிட்டர். உணவகத்தில் ஒருவருக்குத் தரும் முழுக் குவளையைவிட இது அதிகம். ஒயினில் சாராயத்தின் அளவு 13 விழுக்காடு என்றால் உடலுக்குள் சென்றது ஏறத்தாழ 18 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு, அதுவும் வெறும் வயிற்றில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 45 மில்லிகிராம் வரை அது ஏறக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வாகன ஓட்டிக்கு விதித்திருக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம். உடல் இதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே கரைக்கும். காபி குடிப்பதாலோ முகம் கழுவுவதாலோ அந்த வேகம் கூடாது. ஆளுக்கு ஆள் இக்கணக்கு மாறும் என்றாலும், சுவை மட்டும் பார்த்தேன் என்பவரும் சட்டத்தின் எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்பதில் ஐயமில்லை. நீரிழிவு மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் மது அருந்தினால் சர்க்கரை அளவு திடீரென இறங்கும் அபாயமும் உண்டு. சில மாத்திரைகளுக்கு அது மிகுதி. திட்டத்தை வகுத்தவர்கள் இவற்றில் எதையும் கேட்டிருக்கவில்லை.

எனவே இருவரும் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தனர். பின்னர் கோயில் வாசலை அடைந்தபோது வேறொரு தடை எழுந்தது. “குடித்துவிட்டு எப்படிங்க உள்ளே வருவீர்கள்?” என்று மனைவி கேட்டார். கணவர் பதில் பேசவில்லை. வெளியே மரத்தடியில் அமர்ந்துவிட்டார். மனைவி தனியாக உள்ளே சென்று, மனம் ஒன்றாமல் அரைகுறையாகச் சுற்றிவிட்டு வந்தார். தேவனஹள்ளி கைவிடப்பட்டது.

மனைவியின் அந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்குவோர் இருக்கலாம். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. மது அருந்திய உடலோடு சன்னதிக்குள் போகக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் ஒழுங்கு. கணவருக்கும் அதுவே ஒழுங்கு என்பதால்தான் அவர் மறுபேச்சின்றி வெளியே அமர்ந்தார். ஒயின் ஆலையையும் கோயிலையும் ஒரே நாளில் வைக்கும் எந்தத் திட்டமும், நம் குடும்பங்களுக்காக வகுக்கப்படுவதாயின், இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும். கோயில் முன்னே, ஆலை பின்னே என்று இடம் மாற்றி வைத்திருந்தால் அன்றைய கசப்பில் பாதி எழுந்தே இருக்காது.

ஆற்றின் வழி

இரண்டாம் பயணத்துக்காக அவர்கள் என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது, நந்தி மலைக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்பதைத்தான். குப்பம் வட்டாரத்தின் வழியே ஓடும் பாலாறு நந்தி மலைத் தொகுதியில்தான் பிறக்கிறது. வடபெண்ணை, தென்பெண்ணை, அர்க்காவதி, சித்ராவதி ஆகிய ஆறுகளுக்கும் அம்மலைப் பகுதியே தலைமாடு. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலில் சேர்கிறது. தம் ஊர் ஆற்றின் தொடக்கத்துக்கு அருகேதான் அந்தத் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன என்பதைத் தம்பதியில் இருவருமே அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறாயின் ஆற்றை எதிர்த்து மேலேறுவதையே வழியாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இம்முடிவு வெறும் அழகுக்காக எடுத்ததன்று. அதன்படி போனால் பயணம் மூன்று இரவுகளுக்கு நீளும், ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய காட்சியே இருக்கும், உடல் களைப்படையாது, ஆலைக்குப் போகும் நாளில் வேறு அவசரம் இராது.

காலம் பிப்ரவரியின் பிற்பகுதி, வார நாட்கள். தென்னிந்தியத் திராட்சைக்கு ஆண்டில் இருமுறை கவாத்து உண்டு. ஏப்ரல் வாக்கில் கொடியை வெட்டித் தளிர்க்க விட்டு, செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் வெட்டிக் காய்க்க விட்டால், பிப்ரவரி தொடங்கிக் கோடை முற்றுவதற்குள் ஒயின் திராட்சையின் அறுவடை நடக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் கொடியைத் தூங்க வைப்பதுபோல் இங்கே எதுவும் தூங்க வைப்பதில்லை. ஆகவே கத்தரிக்கோல்தான் கொடிக்குக் காலத்தைச் சொல்கிறது. மழைக்காலத்தில் பழம் பிடித்தால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் வரும் என்பதால் அந்த மாதங்களின் காய்ப்பை ஒயின் விவசாயிகள் நாடுவதில்லை. அறுவடை நடக்கும் காலத்தில் போனால் கொத்து அறுப்பதிலிருந்து நொதிப்பது வரை கண்ணால் காணலாம். ஆனால் அதே பருவத்தில்தான் மகா சிவராத்திரியும் வரும். போக நந்தீசுவரருக்குத் தேரோட்டமும் பெருங்கூட்டமும் உண்டு. எனவே அந்த நாட்களை விலக்கித் தேதி குறித்தேன்.

சாவிச் சிக்கலுக்குத் தீர்வு எளிது. குப்பத்திலிருந்தே ஓர் ஆக்டிங் டிரைவரை அழைத்துச் சென்றனர். அவருக்கான கூலியும் தங்குமிடமும் செலவைக் கூட்டின என்பது உண்மை. ஆனால் ஒயின் ஆலைப் பயணத்தில் முதலில் ஒதுக்க வேண்டிய பணம் அதுவே என்பது என் உறுதியான கருத்து. மருத்துவரைப் பார்த்து, உணவுக்குப் பிறகு சிறிதளவு மட்டும் என்ற அனுமதியையும் பெற்றுக்கொண்டனர்.

முதல் நாள், பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரிக்கரை வழியாகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். சுரங்கத்துக்கும் சுரங்க ஊருக்கும் தண்ணீர் தந்தது இந்த ஏரி. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கைக்கு வந்த சுரங்கங்களில், சித்தூர், வடஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களே பெருமளவில் இறங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. மனைவியின் தாய்வழிப் பாட்டனாரும் அங்கே வேலை பார்த்தவர் என்பதால், இந்த இடத்தைத் திட்டத்தில் சேர்த்தது சரியாகவே அமைந்தது. இருவரும் தமிழ் பேசும் முதியவர்களோடு வெகுநேரம் உரையாடினர். அன்றிரவு கோலாரில் தங்கினர்.

இரண்டாம் நாள் முழுவதும் மனைவியின் நாள். கோலார், கங்க மரபு அரசர்களின் முதல் தலைநகர். சோழர் அதை வென்ற பின் இந்நிலப்பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயரிட்டனர். கோலாரம்மன் கோயிலின் சுவர்களில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. கன்னட நாட்டின் நடுவே, தெலுங்கு பேசும் பூசைக்கூட்டத்தின் இடையே, தமிழ் எழுத்துகளை விரலால் தொடர்ந்து சொல் சொல்லாகக் கூட்டிப் படிக்க முயன்றார் அந்த ஆசிரியை. முழு வாக்கியம் கிடைக்காவிட்டாலும், “ஸ்வஸ்தி ஸ்ரீ” என்று தொடங்கும் இடத்தையும் சில ஊர்ப்பெயர்களையும் அவரால் இனங்காண முடிந்தது. கணவரோ அதே கோயிலில் தேள் அம்மனாக வழிபடப்படும் செல்லம்மன் சன்னதியில் நின்றுவிட்டார். பின்னர் விசயநகரக் காலத்துச் சோமேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தையும், ஐதர் அலியின் தந்தை பதே முகம்மதுவின் கல்லறை உள்ள மக்பராவையும் கண்டு, மாலையில் சிக்கபள்ளாபூர் சேர்ந்தனர்.

அவ்வழியில் அவர்கள் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறுகள் பிறக்கும் நிலமே வறண்டு கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் 2018 முதல் நடக்கிறது. இத்தகைய நிலத்தில் நெல்லும் கரும்பும் தாங்காது. சொட்டுநீரில் வளரும் திராட்சை தாங்கும். கோயில் குளத்தையும் ஏரிக்கரையையும் முன்னதாகப் பார்த்திராமல் நேரே தோட்டத்துக்குப் போனவருக்கு, கொடியின் காலடியில் ஓடும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாயின் பொருள் புரியாது. தம்பதிக்கு அது புரிந்தது.

கோயில் காலையும் ஆலைப் பிற்பகலும்

மூன்றாம் நாள் காலையில், வெறும் காபியோடு, நந்தி கிராமத்துக்குச் சென்றனர். போக நந்தீசுவரர் கோயில் பற்றிய தொடக்கக் கல்வெட்டுச் செய்தி கி.பி. 806-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது நுளம்பர் என்ற அரச மரபின் காலம். அதன்பின் கங்கர், சோழர், போசளர், விசயநகரத்தார் என ஒவ்வொருவரும் ஏதேனும் சேர்த்துள்ளனர். தெற்கே அருணாசலேசுவரர், வடக்கே போக நந்தீசுவரர் என இரட்டைக் கோயில்கள். இடையே சிறிதாக உமாமகேசுவரர் சன்னதி. சோழ மன்னனுடையது என்று கருதப்படும் அமர்ந்த நிலைச் சிலை ஒன்று போக நந்தீசுவரர் கோயிலில் உண்டு. இராசேந்திரன் என்பார் பலர். முதல் பயணத்தில் மனைவி தனியே தாண்டிச் சென்ற இடங்கள் இவை. இம்முறை இருவரும் சேர்ந்து நின்று பார்த்தனர். சிருங்கி தீர்த்தம் எனப்படும் கல்யாணி என்ற படிக்குளத்தின் படிகளில் உட்கார்ந்து கணவர் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். கோயிலுக்கே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நெருக்கும் வேலை எதுவும் இல்லாததால் அவர்கள் அதை உணரவேயில்லை. பிறகு வயிறார மதிய உணவு, கணவருக்கு மாத்திரை, சிறிது ஓய்வு. மூன்று மணிக்கு ஆலை.

நந்திச் சரிவுகளில் ஒயினுக்கான திராட்சை வந்த வரலாறு நெடியதன்று. பெங்களூர் நீலத் திராட்சை இங்கே நெடுங்காலமாக விளைகிறது. 2013-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அது உண்பதற்கும் சாற்றுக்கும் மலிவான இனிப்பு ஒயினுக்கும் உரிய பழம். காபர்னே சோவிஞ்ஞோன், ஷிராஸ் போன்ற பிரெஞ்சு வகைகளை நட்டு, 1988-இல் தொட்டபள்ளாபூர்ப் பகுதியில் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டமே இவ்வட்டாரத்துக்கு வழிகாட்டியது. 2007-இல் கர்நாடக அரசு திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் எனத் தனிக் கொள்கையை அறிவித்து, ஒயின் வாரியமும் அமைத்தது. சுமார் 900 மீட்டர் உயரம், பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி ஆகியவை பழத்தில் இனிப்பு ஏறும்போதே புளிப்பும் குன்றாமல் நிற்க உதவுகின்றன.

தம்பதி சென்ற ஆலையில் அன்று அறுவடை நாள். சுற்றிக் காட்டிய இளைஞர் சிந்தாமணி என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கில் பேசியதால் இருவருக்கும் ஒரு சொல்லும் தவறவில்லை. விடியற்காலைக் குளிரிலேயே கொத்துகளை அறுத்துக் கூடைகளில் கொண்டுவந்துவிடுகின்றனர். வெயிலில் சூடேறினால் பழம் ஆலைக்கு வரும் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காம்பு நீக்கும் பொறியிலிருந்து பழம் விழுவதையும், வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலைப் பிரித்துவிடுவதையும், சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவதையும் அவர் காட்டினார். நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன. நொதிக்கும் தொட்டியில் கரியமில வாயு தோல்களை மேலே தூக்கி ஒரு தட்டாகக் கட்டிவிடும். அதை நாள்தோறும் அழுத்தி மூழ்கடித்தோ, அடியிலிருக்கும் சாற்றை மேலே இறைத்தோ நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி அங்கேதான் முதன்முதலாகக் கேள்வி கேட்டார். மாவு புளிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதே அக்கேள்வி. அங்கே பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது, இங்கே ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது என்று இளைஞர் விளக்கிய பிறகு மனைவியின் ஆர்வம் குறையவே இல்லை.

பீப்பாய்க் கிடங்கு நிலத்துக்கு அடியில் இல்லை. தடித்த சுவர்களும் குளிரூட்டியும் கொண்ட தரைமட்ட அறைதான். ஓக் மரப் பீப்பாய் ஒவ்வொன்றும் 225 லிட்டர் கொள்வது. ஏறத்தாழ 300 புட்டிகளுக்கு ஆகும். மரத்தின் நுண்துளைகள் வழியே ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகும். அந்த இடத்தில் காற்று புகுந்தால் ஒயின் கெட்டுப் புளிக்காடியாகும். அதனால் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே வர வேண்டும். பழைய பீப்பாய்க்குச் சுவை தரும் வலு குறையும் என்பதால் சில ஆண்டுகளில் மாற்றுகின்றனர். முதல் பயணத்தில் சில நிமிடத்தில் தாண்டிய அறையில் இம்முறை ஒரு மணி நேரம் நின்றனர். வார நாள் என்பதால் அவர்களைத் தவிர இரண்டு பேரே இருந்தனர்.

சுவை பார்க்கும் மேசையில் நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. மனைவிக்கும் ஒவ்வொரு ஒயினும் ஊற்றப்பட வேண்டும்; குடிக்க அன்று, முகர்ந்து பார்க்க மட்டும். ஒயினைச் சோதிப்பவர்களின் வேலையில் பெரும்பகுதி மூக்காலேயே நடப்பதால் இதில் பாவனை எதுவும் இல்லை. கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்த மனைவி, சோவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கொய்யாவையும் புதிதாக வெட்டிய புல்லையும் சொன்னார். ஷிராஸில் மிளகு என்றார். சொல்லிக்கொடுக்காமலே அவர் சொன்னவை அவ்வகைகளுக்கு உரியவையாக ஏற்கப்பட்ட மணங்களே. நாற்பது ஆண்டு அடுக்களையில் மசாலை வறுத்து அளந்த மூக்கு கணவரின் நாக்கைவிடக் கூர்மையாயிருந்தது. “இந்தாம்மா, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லு” என்று கணவரே தம் கிண்ணத்தை நீட்டினார். இப்பயணம் முழுவதிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி இதுவே. மது அருந்தாதவருக்கு ஒயின் ஆலையில் இடமில்லை என்று எண்ணிச் சாறு ஒன்றைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. மனைவிகளுக்கே பெரும்பாலும் அந்த ஓரம் வாய்க்கிறது. அதை மாற்ற ஒரு கிண்ணமும் ஒரு சொல்லும் போதும். கணவர் நான்கு வகை மட்டும் பார்த்தார். இரண்டை உமிழ்வதற்கென வைக்கப்பட்ட கலயத்தில் உமிழ்ந்தார். இடையிடையே தண்ணீர் குடித்தார். சாவி டிரைவரிடம் இருந்தது.

நான்காம் நாள் வியாழக்கிழமை. மலைச்சாலை காலியாயிருந்தது. திப்புவின் கோடை மாளிகையையும், யோக நந்தீசுவரர் கோயிலையும், 1791 அக்டோபரில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிசின் படை ஏறிப் பிடித்த கோட்டைச் சுவரையும் பார்த்தனர். அந்தச் செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்றால் எப்படி ஏறினார்கள் என்ற வியப்பு எவருக்கும் எழும். இறங்கும் வழியில் தேவனஹள்ளிக்கும் போயினர். 1501-இல் எழுந்த அக்கோட்டை, திப்பு பிறந்த ஊரில் இருப்பது என்ற சிறப்பும் உடையது. அங்கு நேரம் அதிகம் செலவிடவில்லை.

மீதமிருந்த சிக்கல்கள்

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆலையில் இரண்டு புட்டிகள் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது கணவரின் விருப்பம். மகன் வரும்போது திறக்கலாம் என்றார். மது தொடர்பான கலால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. அவ்வப்போது மாறவும் செய்கின்றன. கர்நாடகத்தில் வரி கட்டி வாங்கிய புட்டி எல்லைச் சாவடிக்கு அப்பால் சட்டத்துக்குப் புறம்பான சரக்காகிவிடக்கூடும். வாங்கிய சீட்டு கையில் இருப்பது மட்டும் காப்பாற்றாது. எல்லையில் வாழ்கிற நமக்குப் பத்து கிலோமீட்டருக்குள் மூன்று சட்டங்கள் இருப்பது பழகிப்போன ஒன்று. பழகிப்போனதாலேயே அதை மறந்தும் விடுகிறோம். நான் முன்பே எச்சரித்திருந்ததால் அவர் வாங்கவில்லை. ஆனால் அந்த ஏமாற்றம் திரும்பும் வழி முழுதும் அவர் பேச்சில் இருந்தது என்று மனைவி சொன்னார்.

இன்னொரு குறை அறுவடைக் காலத்தைச் சார்ந்தது. ஆலையின் ஆட்கள் அனைவரும் வேலையில் மூழ்கியிருந்ததால், தோட்டத்துக்குள் நடந்து கொடியைக் கிட்டத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கவாத்து எப்படிச் செய்கின்றனர், கொடியில் எத்தனை கண்கள், அதாவது மொட்டுகள், விட்டு வெட்டுகின்றனர் என்பனவே கணவர் அறிய விரும்பியவை. அவற்றுக்கு அறுவடை நாளில் எவரிடமும் நேரம் இல்லை. ஆதலால் வரும் அக்டோபரில், காய்ப்புக்கான முன்பக்கக் கவாத்து முடிவதற்குள், இரண்டு நாள் பயணம் ஒன்றை வகுத்திருக்கிறேன். முதல் நாள் ஆவணி என்னும் ஊரின் நுளம்பர் கோயில்கள். மறுநாள் உணவுக்குப் பின் தோட்டம். அம்முறை சுவை பார்க்கும் மேசையை அவர்களே வேண்டாம் என்று நீக்கிவிட்டனர். ஆக்டிங் டிரைவருக்கு மட்டும் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.